அக்கா எழுந்திருக்கும் விதம்

வாலிநோக்கம் உப்பளத்தில் மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு அக்கா எழுந்திருக்கும் விதத்தை நான் நடித்துக் காட்டுவேன். முதலில் இரண்டு கைகளையும் தரையில் ஊன்ற வேண்டும். பிறகு முட்டியிலும் தொடையிலுமாகக் கையை மாற்றி மாற்றி வைத்து, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவதுபோல நிமிர வேண்டும். வரப்பில் இருப்பவர்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அக்காவும் சிரிப்பாள். "ஏலே, இன்னொருக்கா எந்திரிச்சுக் காட்டு. அங்கன இருக்கவுக பாக்கலையாம்" என்பாள்.

அவள் எனக்கு உறவில்லை. எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பி, எங்கெங்கோ சுற்றி அந்த உப்பளத்தில் போய் விழுந்தவன் நான். உப்புப் பெட்டியை ஒருவர் தூக்கிவிட, இன்னொருவர் தலையில் வாங்கிச் சுமக்கும் வேலை. என் ஜோடி அவள். புருஷன் இல்லாதவள், சுமந்தால்தான் அவளுக்கும் மகளுக்கும் கஞ்சி.

அந்தக் கோடையில் தலைப்பெட்டியைப் பிடிக்க அவளுக்குக் கை உயரவில்லை. தலை வாராமலே வேலைக்கு வந்தாள். விரல் முட்டிகள் சிவந்து செதில் விட்டிருந்தன. கண் இமைகளில் நாவல்பழச் சாயம் பட்டதுபோல ஒரு நிறம். யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. உப்பளத்தில் யார் கை வெடிக்காமல் இருக்கிறது, யார் கண் சிவக்காமல் இருக்கிறது? "உப்பு கடிச்சிருக்கு ஆத்தா. மழை விழட்டும், ஆறிரும்" என்றார் கங்காணி. ஐப்பசி மழையில் பாத்திகள் முங்கி வேலை நின்றால், ஒரு மாதத்தில் எல்லார் கையும் ஆறிவிடும். அதுதான் நாங்கள் கண்ட வைத்தியம். அவளும் மழைக்குக் காத்திருந்தாள். அதுவரை அவளைக் கங்காணி நிறுத்திவிடக் கூடாதென்று, பெட்டியை அரைகுறையாக நிரப்பித் தூக்கிவிட்டேன்.

மழை வந்தது. ஒருநாள் அவள் குடிசைக்குப் போனபோது, என் கையைப் பிடித்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஒனக்கு ஆறிருச்சுலே" என்றாள். அவளுக்கு ஆறவில்லை. தை பிறந்தபோது கஞ்சி தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. பாத்தியில் மறுபடி தண்ணீர் கட்டுமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளைத் தாய்மாமன் கூட்டிக்கொண்டு போனார்.

பல வருடம் கழித்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலையில் இருந்தேன். மாணவர்கள் சூழ நின்ற டாக்டர், நோயாளிப் பெண் ஒருத்தியைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னார். அவள் தரையில் கை ஊன்றினாள். பிறகு முட்டியில். பிறகு தொடையில். என் கையில் வாளி அப்படியே நின்றது. டாக்டர் அவளுடைய இமையைக் காட்டினார், விரல் முட்டியைக் காட்டினார். "தோலும் தசையும் சேர்ந்து அழற்சி கண்டிருக்கு. தலை வார முடியலைன்னு சொன்னாலே சந்தேகப்படணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்து கொடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. கை ஊன்றித்தான் எழுந்திருக்கிறேன். அக்காவுக்குக் கை எந்த இடத்தில் நடுங்கும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பதுவரை இன்றும் எனக்கு மனப்பாடம். அன்றைக்கும் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. அவளைக் கூட்டிப்போய், ஒரு டாக்டர் முன்னால் எழுந்திருக்கச் சொல்லியிருக்கலாம். நான் வரப்பில் இருந்தவர்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.