தங்கவேலு அண்ணன் தந்த செம்பருத்திக் கிளைகள்

மலைமேல் தானா ராத்தா ஊர்ச் சந்தையில் நான் முட்டைக்கோஸ் நிறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். "அக்கா, தங்கவேலு அண்ணன் போயிட்டாருக்கா." இனி அம்மன் மாலைக்குச் செம்பருத்திக்கு எங்கே போவது என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் மனிதர் நினைவுக்கு வந்தார். அழுகை வரவே இல்லை.

எங்கள் எஸ்டேட்டில் அவரைத் தெரியாதவர் யார்? தேயிலை ஆலையில் லோரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பின் செம்பருத்தியே கதி. வெயில் படும் தகரச் சுவரோரமாக அதையே வேலியாக நட்டு, தேயிலைச் சக்கையை உரமாகக் கொட்டி, இந்தக் குளிரிலும் கைநிறையச் சிவப்பாகப் பூக்க வைத்தார். "கீழ ஈப்போவுல இது மதிப்பில்லாம ரோட்டோரம் பூக்கும். மலையில பூக்க வைக்க ஒருத்தன் வேணும் லா" என்பார். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு அவர் பூ மட்டும்தான். அந்தப் பெருமையில் அவருக்குத் தலைகால் புரியாது.

கிளை கேட்டால் இல்லை என்று சொன்னதே கிடையாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்டி, உள்ளே கொண்டுபோய் இலை கழித்து, ஈரத்துணியில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டுவார். ஒன்றும் பிழைக்காது. மற்றவர்கள் குளிரைத் திட்டிவிட்டு ஒருமுறையோடு விட்டுவிட்டார்கள். நான் விடாமல் கேட்டேன். மணல் கலந்தேன், நிழலில் வைத்தேன், பனி படாமல் மூடினேன். எல்லாம் அடி கறுத்து அழுகின. கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால் அண்ணன் சொன்னார்: "செடியைக் குத்தம் சொல்லாதம்மா. உனக்குக் கைராசி இல்ல. உன் கை பட்டா எதுவும் பிடிக்காது."

பிடித்தது சனி. நாற்று நடும் வீடுகளில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். மிளகாய்ப் பாத்தி போட்ட நாத்தனார் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அதெல்லாம் போகட்டும். என் மகள் புது வீட்டில் கறிவேப்பிலைக் கன்று வைத்தபோது, "அம்மா, நீ மட்டும் தொடாதம்மா" என்றாள். அன்றிலிருந்து நான் மண்ணைத் தொடவே இல்லை.

சாவு வீட்டில் அவர் மனைவி புஷ்பம் அக்கா அழுகைக்கு நடுவே சிரித்தாள். "யாரு கேட்டாலும் கிளை குடுப்பாரு. ஆனா அடியை வெந்நீர்ல ஒரு முக்கு முக்கித்தான் குடுப்பாரு! தண்ணி கொதிக்க வெச்சதே நான்தானே. கோயிலுக்கு வேற யாரு பூவும் போயிடக் கூடாதாம். குசும்பு பிடிச்ச மனுசன்!" பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். "என் கை ராசியில்லாத கை, வேண்டாம்" என்றேன். சிரிப்பு அடங்கியது.

சவப்பெட்டியை எடுத்துப் போன பிறகு அந்த வேலியில் என் கையாலேயே ஒரு கிளை வெட்டி வந்து நட்டேன். துளிர்த்தது. பூத்தது. முதல் பூவைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "யாரு நட்டதும்மா?" என்று கேட்டாள் படுபாவி.

சில மாதத்தில் அண்ணனின் மகன் காரை நிறுத்த இடம் வேண்டுமென்று வேலி முழுவதையும் பிடுங்கிப் போட்டான். மறுநாள் புஷ்பம் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "அவரு படத்துக்கு வைக்க ஒரு பூ இல்லடி. அவரு செடி இப்ப உங்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஒரு கிளை குடேன், நட்டு வெச்சுக்கிறேன்."

"அதுக்கென்னக்கா, தாராளமா. உட்காருங்க."

நல்ல கிளையாகப் பார்த்து வெட்டினேன். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதித்ததும் அடியை முக்கி எடுத்தேன். ஈரத்துணியில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

துணிக்குள் இன்னும் சூடு இருந்தது. அக்கா அதைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். எத்தனை முறை அவள் கொதிக்க வைத்த தண்ணீர்! கிளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அதை நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுகிறாளாம்.

அண்ணன் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். செடியை வைத்திருக்கிறேன். கிளை கேட்டு வருகிறவர்களுக்கு வெந்நீரும் வைக்கிறேன்.