லவெல் பின்னிய சடை

லவெல் பெட்டிக்ரூ அமெரிக்காவின் டொலிடோ நகரப் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்ப்பவன். வேலையில் மணிக்கணக்காக வண்டிக்கு அடியில் அசையாமல் கிடப்பான். அன்று குடும்ப நீதிமன்ற வராந்தாவில் மட்டும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போனான், வந்தான், மறுபடி போனான்.

“உக்காருடா. உன்னைப் பாத்து எனக்குத் தலை சுத்துது,” என்றார் துணைக்கு வந்த அண்ணன் ரூடெல்.

பிரிந்துபோன மனைவி கொரீன் எதிர்ப் பெஞ்சில் இருந்தாள். நான்கு வயது மகள் நைலா சனிக்கிழமை பகலில் மட்டும் அவனிடம் வருவாள். இனி இரவும் தங்கலாமா என்பதை இன்று நீதிபதி சொல்லவேண்டும்.

போன மாதம் குழந்தை வந்தபோது, கொரீன் பின்னிவிட்ட சடைகள் ஓரத்தில் பிரிந்திருந்தன. லவெல் அத்தனையையும் அவிழ்த்துவிட்டு, மண்டையோடு ஒட்டிய வரிச்சடையாகத் தானே பின்னி அனுப்பினான். தாய் பின்னியதைக் கேட்காமல் அவிழ்ப்பது அவர்களைப் போன்ற கறுப்பினக் குடும்பங்களில் முகத்தில் அறைவதற்குச் சமம். அது அவனுக்கும் தெரியும். பின்னல் இறுகி, நெற்றியோரம் கொப்புளம் வேறு. கொரீன் அதைப் படமெடுத்து, இரவுத் தங்கல் வேண்டாம் என்ற தன் மனுவோடு சேர்த்துவிட்டாள்.

“அவ புள்ள தலையையே கவனிக்கல, அதான் செஞ்சேன்னு சொல்லு. வேற எதுக்கும் வாயைத் திறக்காத,” என்றார் ரூடெல்.

உள்ளே நீதிபதியம்மா படத்தைக் காட்டினார். “இது யார் பின்னினது?”

“நான்தாம்மா.”

“ஏன்?”

அண்ணன் சொன்னது நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் கொரீன் ராத்திரி வேலை முடித்துவந்து, கண் சொக்கச் சொக்கப் பின்னுகிறவள் என்பது அவனுக்குத் தெரியும்.

“எனக்கும் வரும்னு காட்டணும்னு ஒரு வெறி. பாதியிலேயே நைலா வலிக்குதுப்பான்னு சொன்னா. இன்னும் ரெண்டு வரிதான்னு பிடிச்சு உக்கார வச்சு முடிச்சேன்.”

கொரீன் திரும்பிப் பார்த்தாள்.

இரவுத் தங்கல் இப்போதைக்கு இல்லை, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், அதுவரை குழந்தையின் முடியைத் தொடக்கூடாது என்றது உத்தரவு.

“வாயால கெட்ட தவளைடா நீ,” என்று வெளியே ரூடெல் பொரிந்தார். லவெல் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான்.

கொரீன் வந்து இரண்டு படி தள்ளி நின்றாள். “சனிக்கிழமை கொண்டுவந்து விடுறேன். தலையில கை வச்சே, அவ்வளவுதான்.”

“வைக்கல.”

“மத்தியானம் தூங்குவா. பட்டுக் குல்லா குடுத்தனுப்புறேன். அதை மாட்டிவிடு, இல்லன்னா முடியெல்லாம் தலகாணியில உரசிப் போயிடும்.”

“தொடக்கூடாதுன்னாங்களே?”

“குல்லாதானே மாட்டச் சொன்னேன்,” என்றாள் கொரீன். “இறுக்கிடாத.”