மூட்டத்தில் நின்ற கப்பல்

நாகப்பட்டினத்தில் அப்பா கப்பலேறிய அன்று கடலில் மூட்டம் இருந்ததா இல்லையா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் வெகுநாள் வழக்கு இருந்தது. அப்பா பினாங்கில் ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போனார். கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஏழு வயதுக்காரனான நான் மாமாவின் தோளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். நல்ல வெயில். கறுப்பு அடிப்பாகம், வெள்ளை மேல்தட்டு, வரிசையாகச் சன்னல்கள். அம்மா கீழே மணலில் நின்றிருந்தாள்.

"ஒரே மூட்டமால்ல கெடந்துச்சு. கப்பலு எங்க தெரிஞ்சுது?" என்பாள் அம்மா.

"வெயிலு அடிச்சுதும்மா" என்பேன் நான்.

சில மாதங்களில் அப்பாவிடமிருந்து கடிதம் வருவது நின்றது. திருத்தங்கல் வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாடு குறைந்தது, பேச்சு அதைவிடக் குறைந்தது. ஒருநாள் மாமாவிடம், "அந்தக் கப்பல ஒருதரம் நல்லாப் பாத்திருக்கலாம் தம்பி" என்றாள்.

மாமா அம்மாவின் தம்பி. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை. அதன்பிறகு வேலை முடிந்து வந்ததும், தீப்பெட்டிக் கம்பெனியில் கழித்துப்போட்ட மருந்து தோய்க்காத குச்சிகளை வைத்துக் கப்பல் கட்ட ஆரம்பித்தார். ஒரு குச்சி நீளம் முப்பது அடி என்று கணக்கு.

"அப்ப எங்கப்பா எம்புட்டு உசரம் மாமா?"

"குச்சி நுனில மருந்து இருக்கும்ல, அதுமாதிரி ரெண்டு."

குச்சிகளை ஒட்டி முடித்ததும் வண்ணம் அடிக்க வேண்டியிருந்தது. தூரிகையால் தீட்டினால் கோடு கோடாக நிற்கும். அவ்வளவு சின்னக் கப்பலில் அது உழுத நிலம்போல் இருக்கும் என்றார் மாமா. அவருடைய பிரஸ்ஸில் ஓவியர் ஒருவர் சாமி படங்களில் வானம் போட ஏர் பிரஷ் வைத்திருந்தார். பேனா மாதிரி இருக்கும். காற்று அடைத்த குழாயை மாட்டி அழுத்தினால் வண்ணம் ஆவியாக வரும். விருதுநகரில் மூடப்போகும் போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் அதுபோல் இரண்டு விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் கூட்டிப் போனார்.

ஸ்டுடியோக்காரர் வெல்வெட் பெட்டியைத் திறந்து மெல்லிய ஒன்றை எடுத்தார். "ஜெர்மன் சரக்கு தம்பி. ஒத்த முடியக்கூட இழுக்கலாம். பொண்ணு பாக்குற போட்டோல அம்மத் தழும்ப மறைக்கிறது இதுதான்."

பழைய செய்தித்தாளில் மாமா அடித்துப் பார்த்தார். எறும்பு வரிசைபோல் ஒரு கோடு விழுந்தது. என் கண்ணில் கப்பலின் சன்னல்கள் எல்லாம் வந்துவிட்டன. அதில் ஒன்றை அப்பாவுடையது என்று தெருப் பையன்களுக்குக் காட்டுவதாக இருந்தேன்.

பெட்டிகூட இல்லாமல் இன்னொன்று ஓரமாகக் கிடந்தது.

"அது எதுக்கு? கோடே வராது, பொகையாத்தான் அடிக்கும். செத்துப்போனவுக படத்துல தோளுக்குக் கீழ மேகம் போட வச்சிருந்தேன்."

மாமா அதையும் அடித்துப் பார்த்தார். ஓரமே இல்லாமல் சாம்பல் நிறம் தாளில் பரவி எங்கேயோ முடிந்தது. தாளைத் தூக்கி எட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது போதும்ண்ணே."

திரும்பும் பஸ்ஸில் ஆமத்தூர் தாண்டியதும் கேட்டேன்.

"சன்னலு எப்படிப் போடுவீக?"

"சன்னலு வேண்டாம்லே."

"உள்ள அப்பா இருக்காருல்ல?"



ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடையிலிருந்து காற்றடித்த லாரி டியூப் ஒன்றைக் கொண்டுவந்தார். குழாயை அதில் மாட்டினார். நான் அதன்மேல் உட்கார்ந்து அழுத்தம் கொடுக்க வேண்டும். அவர் அடிக்க அடிக்கக் காற்று குறைந்து, நான் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெள்ளையாகி, கப்பல் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போனது. தூக்கத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. கோபத்திலும் அது அழகாகத்தான் இருந்தது.

பசை காய்ந்த கையோடு அம்மா வந்தாள். டிரங்குப் பெட்டிமேல் வைத்திருந்த கப்பலின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இதேதான். இப்படித்தான் தெரிஞ்சுது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மூட்டம் இருந்துச்சா இல்லையான்னு இப்பக் கேளு ஒங்க மாமாவ" என்றாள்.

"இருந்துச்சுக்கா" என்றார் மாமா.

அவர் தோளில் உட்கார்ந்துதானே நான் பார்த்தேன். இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று டியூபை ஓர் உதை உதைத்தேன். அன்று அம்மா தட்டில் சோற்றை மிச்சம் வைக்கவில்லை. நான்தான் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றித் தகவல் ஏதும் அதற்குப் பிறகும் வரவில்லை. நானும் பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகப் போனேன். துறைமுகங்களில் மூட்டை தூக்கினேன். கயிற்றில் தொங்கிக்கொண்டு கப்பல்களுக்கு வண்ணமும் அடித்திருக்கிறேன். எந்தக் கப்பலுக்கும் ஓரம் உண்டு.

நாகப்பட்டினத்தில் அன்று வெயில்தான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். மாமாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நான் மேலே இருந்தேன். கீழே நின்ற அம்மாவின் கண்களை ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை. கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.