நான்காம் நம்பர் வண்டிக்காரி

ஓடினால் திட்டு, நடந்தால் சிரிப்பு. சின்னவளின் கதையை இந்த ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் திட்டியவர்களையும் சிரித்தவர்களையும் அவ்வளவு சுலபமாகத் தப்பித்துக்கொள்ள விடக்கூடாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அவள் சேர்ந்த வேலை, பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் சலவைப் பிரிவில். ஆளுயர மெஷின்கள் நான்கு, நடுவில் நீளமான இஸ்திரி மேசை, நாள் முழுக்க நீராவி. வெளுத்த விரிப்புகளை இரும்பு வண்டியில் அடுக்கி, சாய்தளம் வழியாக மேலே தள்ளிக்கொண்டு போய் வார்டு வார்டாகக் கொடுக்கவேண்டும். அழுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு திரும்பவேண்டும். மூன்று பேர் செய்யவேண்டிய வேலை. ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், இன்னொருத்தி முதுகு வலி என்று போனாள். மிச்சம் சின்னவளும் நான்காம் நம்பர் வண்டியும்தான்.

விரிப்பு வரத் தாமதமானால் ஆபரேஷன் தியேட்டரில் மேசை காத்திருக்கும், மேசைக்காக நோயாளி காத்திருப்பார். எல்லோருக்கும் அவசரம். ஆனால் நடைக்கூடத்தின் இரண்டு பக்கமும் 'ஓடாதீர்கள்' என்று பலகை மாட்டியிருந்தது. அதைக் காவல் காக்க ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். பிடித்த முயலுக்கு மூணே கால் என்று சாதிக்கிற ஆள். எதற்கும் 'மெதுவா, மெதுவா' என்பதால் சலவைப் பிரிவில் அவருக்குப் பெயரே 'மெதுவா சார்'.

தாமதமாகவும் கூடாது, ஓடவும் கூடாது என்றால் என்னதான் செய்வாள்? நடந்தாள். நர்சுகள் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டம் கட்டுகிற அளவுக்கு நடந்தாள். ஒருநாள் மெதுவா சார் வழிமறித்து, ஓடி வந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். நான் ஓடவில்லை, நடந்தேன் என்று அவள் சொன்னாள். இந்த வேகத்தில் எவளும் நடக்கமுடியாது என்று அவர் சொன்னார். கையெழுத்துப் போட்டால்தான் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும் என்றதும் போட்டாள். செய்யாத குற்றத்துக்குப் போட்ட அந்தக் கையெழுத்தை அவள் மறக்கவே இல்லை.

அந்த வருடம் ஊழியர்களுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். நடைப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த பெண் பாதி தூரம் கடப்பதற்குள் சின்னவள் முடித்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இது ஒலிம்பிக்கில்கூட இருக்கிற விளையாட்டு, வட்டாரப் போட்டிக்குப் போ என்று பதிவு அறை குமாஸ்தா ஒருவர் சொன்னார். விதிமுறை ஒன்றும் அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

வட்டாரப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் வந்து கோட்டைத் தாண்டினாள். கையைத் தூக்குவதற்குள் தலைமை நடுவர் சிவப்பு அட்டையை நீட்டி வெளியே போகச் சொன்னார். மூன்று நடுவர்கள் தனித்தனியாக அவள்மேல் சிவப்புக் கார்டு எழுதியிருந்தார்கள். மூன்று கார்டு விழுந்தால் ஆட்டம் காலி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொரு பெண்ணாக இருந்தால் அழுதுகொண்டே பஸ் ஏறியிருப்பாள். இவள் நேராக, கார்டு எழுதியவர்களில் ஒருவரிடம் போனாள். வெயில் தொப்பி போட்ட ஒல்லி மனிதர் அவர்.

"நான் ஓடினேனா சார்?"

"ஓடலம்மா. கால் ரெண்டும் தரையை விட்டா அது ஓட்டம், அந்தத் தப்பு உன்கிட்ட இல்ல. உன் தப்பு வலது முட்டி. கால் தரையில படும்போதே முட்டி நேரா இருக்கணும், உன்னோடது மடங்குது."

எப்படி நேராக்குவது என்று கேட்டாள். அது என் வேலை இல்லை என்று அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளுக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதர், அதிலும் நடுவர், 'நீ ஓடவில்லை' என்று சொல்லியிருக்கிறாரே! பஸ்ஸில் வரும்போது அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள்.

அது ஏன் வலது முட்டி மட்டும்? விடை ஒரு விபத்தில் கிடைத்தது. ஒருநாள் நான்காம் நம்பர் வண்டியின் கைப்பிடி கழன்றுவிட்டது. கிடங்கிலிருந்து புது வண்டி கொடுத்தார்கள். சின்னவள் அதைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள், பத்தாவது அடியில் வலது பக்கச் சுவரில் போய் மோதினாள். நிமிர்த்திக்கொண்டு போனால் மறுபடியும் வலது சுவர். மூன்றாவது முறை, சுவருக்குப் பதிலாக மெதுவா சாரின் கணுக்கால். நல்ல வண்டியைக் கொடுத்தால் ஆளை ஏற்றிக் கொல்கிறாள் என்று அங்கேயே இரண்டாவது மெமோ எழுதினார். அதிலும் 'ஓடி வந்து' என்றுதான் எழுதினார். மூன்றாவது மெமோ வந்தால் வேலை போய்விடும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம்.

இஸ்திரி மேசையில் நிற்கும் அக்காதான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பழைய வண்டி இடது பக்கம் இழுக்கும்ல, அதே நெனப்புல இதை வலது பக்கம் ஒடிக்கிறே" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் நான்காம் நம்பர் வண்டியைத் தலைகீழாகப் புரட்டினார்கள். இடது முன்சக்கரத்தின் அச்சில் வருடக்கணக்கான நூலும் பஞ்சும் கயிறுபோல் சுற்றி இறுகிக் கிடந்தன. வண்டி இடது பக்கமே இழுத்திருக்கிறது. அதை வலது பக்கம் பிடித்து நிறுத்த, வலது முட்டியை மடக்கி ஊன்றி ஊன்றி அவள் நாளுக்கு இருபது நடை நடந்திருக்கிறாள். கால் அதையே பாடமாகப் படித்துவிட்டது.

வீட்டில் சொன்னால் அத்தைக்குத் தாங்குமா? அப்பாவின் அக்கா, முன் அறையில் குடியிருப்பவள், நாக்குக்கு எலும்பில்லை என்பதை நாளுக்கு நாலு தடவை நிரூபிப்பவள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவளுக்கு வண்டி கோணல்" என்றாள். வண்டி நிஜமாகவே கோணல் என்று சொன்னதை யார் காதில் வாங்குகிறார்கள்?

சின்னவள் அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுபோனாள். கழன்ற கைப்பிடியை மாட்டி, நூலை அறுத்து எடுத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டாள். வண்டி ஒருநாளில் சரியாகிவிட்டது. கால் சரியாகவேண்டுமே! அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. வேலைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், வேலை முடிந்தபிறகு ஒரு மணி நேரம் கடைத்தெருவைச் சுற்றி நடந்தாள். முதல் ஆறு மாதம் வேகமே கிடையாது. ஒவ்வொரு அடியிலும் வலது முட்டி நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பார்த்து நடை. முட்டி நேராக இருந்தால் இடுப்பு தானாக ஆடும், அந்த நடையின் அமைப்பே அப்படி. தெருவுக்கு அது போதாதா? கடைவாசலில் நின்றவர்கள் அவளைப்போலவே நடந்து காட்டினார்கள். அத்தை மானம் போகிறது என்றாள். அம்மாவுக்கே கூச்சமாகிவிட்டது. ஆள் நடமாட்டம் வருவதற்குள், விடியாத இருட்டிலேயே நடந்துவிட்டு வந்துவிடேன் என்று கெஞ்சினாள்.

"இருட்டுல நடக்க நான் என்ன திருடியா? சிரிக்கிறவங்க இருட்டுல சிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சின்னவள் அன்றிலிருந்து அரைமணி நேரம் தாமதமாக, கடைகள் திறக்கும் நேரம் பார்த்துக் கிளம்பினாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஆனால் ஊருக்கும் சிரித்துச் சிரித்து அலுத்துத்தானே ஆகவேண்டும்? எட்டாவது மாதம் அலுத்துவிட்டது. பத்தாவது மாதம் காய்கறிக்கடைக்காரர் அவள் வரும்போது கூடையை இழுத்து வழிவிட ஆரம்பித்தார்.

தேர்வுப் போட்டி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது. இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவில் அதுதான் கடைசி வாய்ப்பு. பத்து கிலோமீட்டர், மைதானத்தை இருபத்தைந்து சுற்று. முதலில் வரும் ஒருத்திக்கு மட்டும் தேசிய முகாமில் இடம். இரண்டாவதாக வந்தால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நல்லவேளையாக ஞாயிற்றுக்கிழமை, விடுப்புக் கேட்கவேண்டியதில்லை. அம்மாவும் இஸ்திரி அக்காவும் கூட வந்தார்கள். அத்தை வரவில்லை. தலை சுற்றுகிறதாம்.

ஏதோ ஒரு அகாடமியின் நீலச்சட்டை போட்ட நெட்டைப் பெண் ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டாள். சின்னவள் இருபது அடி பின்னால் விடாமல் போனாள். ஒன்பதாவது சுற்றில், விழுந்த கார்டுகளைக் குறித்துக் காட்டும் பலகையில் அவள் எண்ணுக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. முட்டி. பதினாறாவது சுற்றில் இன்னொன்று. அதுவும் முட்டி. ஒரு நடுவர் ஒருத்திக்கு ஒரு கார்டுதான் எழுதமுடியும், எழுதியது இருவர். கடைசி வளைவில் நின்றிருந்தவர் அதே வெயில் தொப்பிக்காரர். அவர் ஏற்கெனவே மஞ்சள் பலகையைக் காட்டி எச்சரித்துவிட்டார். இனி அவர் ஒரு கார்டு எழுதினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சின்னவளுக்குப் பயம் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பட்ட பாடெல்லாம் தண்ணீரில் போட்ட உப்பாகிவிட்டதா? நேர்ப்பாதையில் முட்டி கம்பிபோல் நிற்கிறது, அது அவளுக்கே தெரிகிறது. பிறகு எங்கே மடங்குகிறது? இருபதாவது சுற்றில் வேலி ஓரம் அம்மா கைகளை ஆட்டிக்கொண்டு கத்தினாள். "மெதுவா போடி, மெதுவா! ரெண்டாவதா வந்தாலும் போதும்!"

பெற்ற தாயின் வாயிலும் 'மெதுவா'வா? அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தோடு வளைவில் திரும்பினாள், அப்போதுதான் அது பிடிபட்டது. மைதானம் இடது பக்கம் வளைகிறது. எல்லா வளைவும் இடதுதான். இடது பக்கம் இழுத்தவுடன் கால் பழைய வண்டி என்று நினைத்துக்கொண்டு, வலது முட்டியை மடக்கி ஊன்றி எதிர்த்து நிற்கிறது. கடைத்தெருவில் இது தெரியவே இல்லை, அங்கே அவள் எப்போதும் வலது பக்கம்தான் சுற்றினாள். அடப்பாவி, நூலை அறுத்தெறிந்தது சக்கரத்திலிருந்து மட்டும்தானா என்று தன் காலையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வளைவில் அவள் எதிர்க்கவில்லை. இழுக்கிறாயா, இழுத்துக்கொண்டு போ என்று உடம்பை இடது பக்கம் விட்டுவிட்டாள். தோள் தளர்ந்தது, முட்டி நேராக இறங்கியது, வளைவு அவளைத் தானே கொண்டுபோய்விட்டது. வேகம் குறையவில்லை, கூடியது. வெயில் தொப்பிக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பேனா கார்டின்மேல்தான் இருந்தது. அடுத்த சுற்றிலும் பார்த்தார். இருபத்து மூன்றாவது சுற்றில் நீலச்சட்டைக்கும் அவளுக்கும் நடுவே ஐந்து அடிதான். கடைசிச் சுற்றில், அந்தக் கடைசி வளைவிலேயே, நடுவரின் மூக்குக்கு முன்னால் நீலச்சட்டையைத் தாண்டினாள். வேண்டுமென்றேதான் அந்த இடத்தில் தாண்டினாள். சந்தேகம் இருந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டுமே.

கோட்டைத் தாண்டியும் கையைத் தூக்கவில்லை. போன தடவை பட்டது போதும். பலகைக்கு எதிரே போய் இடுப்பில் கைவைத்து நின்றாள். கார்டு சேகரிக்கிற பெண் ஒவ்வொரு நடுவரிடமாகப் போய், கடைசியாக வெயில் தொப்பிக்காரரிடம் போனாள். அவர் உதட்டைப் பிதுக்கி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பலகையில் இரண்டு புள்ளி இரண்டாகவே நின்றது. அம்மா வேலியைத் தாண்டத் தெரியாமல் வேலியையே கட்டிக்கொண்டு அழுதாள்.

பதக்கம் வாங்கிய பிறகு சின்னவள் நடுவர்களின் மேசைக்குப் போய், யார் யாருக்கு என்ன கார்டு என்று எழுதியிருந்த தாளின் நகல் வேண்டும் என்று கேட்டாள். முகாமுக்குக் கடிதம் தனியாக வரும், இது எதற்கு என்று கேட்டார்கள். வேலை செய்கிற இடத்தில் காட்டவேண்டும் என்றாள். ஆறு நடுவர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வந்தது. சின்னவள் விரிப்பை அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வழக்கமான இடத்தில், வழக்கம்போல மெதுவா சார் கையை நீட்டி மறித்தார். ஓடக்கூடாது என்று எத்தனை தடவை சொல்வது என்று கேட்டு, மெமோ புத்தகத்தைத் திறந்து, தேதியும் போட்டுவிட்டார். மூன்றாவது மெமோ. அவள் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, அவர் புத்தகத்தின்மேல் விரித்து வைத்தாள்.

"இதுல வளைஞ்ச கோடு போட்டிருந்தா ஓடினதா அர்த்தம் சார். என் பேருக்கு நேரா இருக்கான்னு பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேடினார். மேலிருந்து கீழே தேடினார், கீழிருந்து மேலே தேடினார்.

"ஆறு நடுவர், இருபத்தஞ்சு சுத்து, என் காலையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. முட்டிக்கு ரெண்டு கார்டு குடுத்தாங்க, அது நியாயம், வாங்கிக்கிட்டேன். ஓடினேன்னு ஒருத்தர்கூட எழுதல. நீங்க எழுதுறதுன்னா 'வேகமா நடந்தாள்'னு எழுதுங்க சார். இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

பேனாவின் மூடியை அவர் போடவும் இல்லை, எழுதவும் இல்லை. மேலே விரிப்புக்குக் காத்திருந்தார்கள். சின்னவள் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு நான்காம் நம்பர் வண்டியை அவரைச் சுற்றி, இடது பக்கமாக, வளைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.