பதினேழு மீற்றருக்கு ஒரு கமரா

பிரேமிளா கமராப் பெட்டியை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, மிதந்து வராதபடி மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். பெட்டிக்குள் கமரா இல்லை. மடித்த டிசுத் தாள் ஒன்றுதான் இருந்தது. தண்ணீர் புகுகிறதா என்று வெறும் பெட்டியில் பார்த்த பிறகுதான் கமராவை உள்ளே போட வேண்டும். அரை மணி கழித்து எடுத்துத் துடைத்துத் திறந்தாள். டிசு நனைந்திருந்தது. ரோஸ் நிறமாகவும் இருந்தது.

“அண்ணி! இதுக்குள்ள என்ன வச்சீங்க?”

கலாராணி கை துடைத்தபடி வந்தாள். “பொட்டுதான் வச்சேன். புதுச் சாமான் வந்தா வைக்கமாட்டோமா? வெளிய வச்சா கடல் தண்ணியில அழிஞ்சிருமேன்னு, உள்ளுக்க அந்தக் கறுப்பு வளையத்துல நாலு பக்கமும் வச்சேன்.”

கண்டி மஹய்யாவையில் அந்த வீட்டுக்கு வந்த குக்கர், பிரிட்ஜ், அண்ணன் கஜேந்திரனின் ஆட்டோ எதுவும் கலாராணியின் சந்தனம் குங்குமத்துக்குத் தப்பியதில்லை. ஆனால் அவற்றில் எதையும் யாரும் பதினேழு மீற்றர் ஆழத்துக்குக் கொண்டுபோகவில்லை. தண்ணீரைத் தடுப்பதே அந்த ரப்பர் வளையம்தான். அதில் ஒரு தூசு இருந்தாலும் கதை முடிந்தது.

கஜேந்திரன் வாசலில் நின்று சிரித்தார். “பாத்தியா, சாமியே வேணாங்குது. நாப்பத்தாறு வயசுல மூச்சடக்கிக் கடலுக்குள்ள போறது என்ன வேலை?”

“சாமி ஒன்னும் சொல்லலண்ணே. குங்குமம்தான் சொல்லுது. தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க.”

பிரேமிளாவுக்குக் கண்டியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஏழு வருடங்களுக்கு முன் படுக்கையில் கிடந்த ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திருகோணமலைக்குப் போனவள், அந்த அம்மாவின் மகள் ஷஹ்மாவோடு சேர்ந்து முக்குளிக்கப் பழகினாள். முதுகில் காற்றுருளை கிடையாது. ஒரு மூச்சு, ஒரு கயிறு, மேலே காவலுக்கு ஒருத்தி, அவ்வளவுதான். கண்டிக்குத் திரும்பிய பிறகும் மாதம் ஒருமுறை பஸ் ஏறுவதை அவள் விடவில்லை.

பவளப் பாறைகளில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளை எடுக்கும் குழு ஒன்று அங்கே உண்டு. முதலில் ஒருவர் இறங்கி, வலை எப்படிச் சிக்கியிருக்கிறது என்று படம் பிடித்து வர வேண்டும். போன வருடம் பிரேமிளா அந்த வேலைக்குத் தன் பெயரைக் கொடுத்தாள்.

“கண்டியில எந்தப் பக்கம் அக்கா கடல் இருக்கு?” என்று கேட்டார் பொறுப்பாளர் சுரேஸ். நின்றவர்கள் சிரித்தார்கள். “பதினேழு மீற்றர் போய் வாறத ஒரே வீடியோவா எடுத்துக் காட்டுங்கோ, பாப்பம்.”

போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பத்து மீற்றரில் பை நசுங்கித் திரையோடு ஒட்டிக்கொண்டது. விரல் பட்டது எதுவும் வேலை செய்யவில்லை. கொண்டுவந்தது கறுப்புப் படம். இந்த வருடப் பட்டியல் சனிக்கிழமை மதியத்தோடு மூடுகிறது. இன்று வெள்ளி.

கமராவை நேற்றுத்தான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினாள். கடையிலிருந்த ரவிகுமார் முதலில் பெட்டி தேவைப்படாத சின்னக் கமரா ஒன்றை எடுத்து வைத்தான்.

“பதினஞ்சு மீற்றர் தாங்கும் மேடம். அதுக்குக் கீழ யாரு போறா?”

“நான் போறேன்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. உடனே ஒரு பழைய மாடலை, நாற்பது மீற்றர் தாங்கும் பெட்டியோடு கொண்டுவந்தான். பிரேமிளா பையிலிருந்து முக்குளிக்கும் கையுறைகளை எடுத்து மாட்டினாள். கமராவைப் பிடித்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து நிறுத்தினாள். விரல்கள் மட்டும் பொத்தான்களைத் தேடித் தேடி அமுக்கின.

“மேடம்? மேடம், தண்ணி வேணுமா?” ரவிகுமார் ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். வேறு வாடிக்கையாளர் இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்றரை நிமிடம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். “கீழ போய் மெனு தேட எனக்கு மூச்சு இல்ல தம்பி. இதுல ஒரு அமுக்குல வீடியோ ஓடுது. இதையே கட்டுங்க.”

அப்படித் தேர்ந்தெடுத்ததைக் குங்குமத்துக்கு விட்டுக்கொடுப்பதா? மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள். புண் கழுவப் போகிறவள்போல முழங்கைவரை கை கழுவினாள். வளையத்தை விரல் நுனியால் கழற்றிக் குழந்தைச் சவர்க்காரத்தில் அலசினாள். பஞ்சு நூல் விடும் என்பதால் கண்ணாடி துடைக்கும் துணியைப் பல்குச்சியில் சுற்றி, வளையம் உட்காரும் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

“நான் வேணும்னேவா செஞ்சேன்?” என்று மூக்கை உறிஞ்சினாள், டோர்ச் பிடித்து நின்ற கலாராணி.

“இல்லதான் அண்ணி. டோர்ச்ச நேராப் புடிங்க, மூலையில ஒன்னு ஒளிஞ்சிருக்கு.”

கடைசித் துகளும் வந்தது. வளையத்துக்குக் கிறீஸ் தடவி மாட்டி, மறுபடி வாளியில் அமுக்கினாள். இந்த முறை ஒரு மணி நேரம். டிசு காய்ந்தபடியே வந்தது.

“பஸ் ஸ்டாண்டுக்கு நான் ஏத்திட்டுப் போகமாட்டேன்,” என்றார் கஜேந்திரன்.

“கேட்டேனா?” பையைத் தோளில் போட்டு நடந்தே இறங்கினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருகோணமலையில், படகில் சுரேஸும் இருந்தார். ஷஹ்மா தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி, “பேச்ச விட்டுட்டு மூச்ச எடு,” என்றாள். பிரேமிளா பொத்தானை அமுக்கி, முதலில் தன் முகத்தைக் காட்டி, தலைகீழாய்ப் போனாள். ஐந்து, பத்து, பதினைந்து என்று கயிற்று அடையாளங்கள் ஒவ்வொன்றாய்ப் படத்துக்குள் வந்தன. பதினேழில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாறையைச் சுற்றியிருந்த வலையை ஓர் ஓரத்திலிருந்து நிதானமாகப் படம் பிடித்தாள். மேலே வந்து மூச்சு வாங்கி, ஷஹ்மாவுக்குக் கை காட்டிய பிறகே வீடியோவை நிறுத்தினாள். பெட்டிக்குள் ஒரு துளி இல்லை.

சுரேஸ் சின்னத் திரையில் பார்த்தார். “இன்னொருக்காப் போடுங்கோ.”

போட்டாள்.

“வலை பெரிசுதான்,” என்றார்.

“பெரிசுதான். மூணாந்தரம் கேக்காம பேர எழுதுங்க.”

அவர் பட்டியலை எடுத்து எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பத்து நிமிடம் மூச்சு ஆறவிட்டு, வலையின் அடுத்த ஓரம் எங்கே முடிகிறது என்று பார்க்க மறுபடி இறங்கினாள்.