நல்ல தண்ணிக் கிணறு

எங்கள் கிணற்றுக்கும் கொழுந்தனார் காட்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான். திருமணிமுத்தாற்றில் சாயக்கழிவு நுரை பொங்கிப் போன போதெல்லாம், ஆறு தள்ளி இருக்கிறது, நம் கிணற்றுக்கு என்ன என்று இறுமாந்திருந்தேன்.

கொழுந்தனார் விவசாயத்தை விட்டுவிட்டுக் கோழிக் கொட்டகையைச் சாயப்பட்டறைக்கு வாடகைக்கு விட்டார். கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் வற்றிய ஒரு போர்வெல். முன்பு மழைத் தண்ணீரை அதில் திருப்பிவிட்டபோது, "எவ்வளவு உட்டாலும் குடிக்குதுங்க நங்கையா" என்று பெருமைப்பட்டவர் அவர். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பட்டறைக் கழிவு ஓடையில் இறங்கவில்லை. லாரியில் ஏற்றிப் போனதையும் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் எங்கேதான் போகிறது? கேட்டாலே என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"என்ற தம்பி அப்படிப்பட்டவனில்ல."

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கொஞ்ச நாளாகப் பருப்பு வேகவில்லை. எருமை தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறியது. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அதுவரை மகளுக்காவது கேன் வாங்கலாம் என்றேன். கிணற்றை வைத்துக்கொண்டு கேன் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்றார்.

சோதனைக்குக் கொடுத்த விஷயம் காதுக்கு எட்டியதும் கொழுந்தனார் வந்தார்.

"வீணா மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க நங்கையா. தண்ணிக்கு ஒண்ணும் ஆகல."

ஆத்திரம் இருந்தாலும் கை பழக்கத்தை விடவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்காமல் எங்களால் பேச முடியாது. சொம்பை நீட்டினேன். வாங்கினார். பகையாளிகூட ஒரு மடக்கு வாய் நனைத்துவிட்டுத்தான் கீழே வைப்பான். அவர் அப்படியே வைத்தார்.

"இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தேன்."

என் வீட்டுக்காரர் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்துடா?"

உள்ளே மகள் பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"தையிலிருந்துங்ணா. மழ பேஞ்சாச் சரியாப் போயிரும்னு பட்டறைக்காரங்க சொன்னாங்க."

கட்டுச்சோற்று விருந்து முடித்து மகளைப் பிரசவத்துக்கு நாங்கள் அழைத்து வந்தது மாசியில். மேடு பள்ளம் பார்த்து, அவளுக்கு வயிறு குலுங்காமல் கார் ஓட்டி வந்தவர் இந்தச் சித்தப்பாதான்.