கீறல் விழுந்த போற்றி

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகிற வழியில் ஈஸ்வரமூர்த்தியைத் தெரியாதவர்கள் காதில் பஞ்சோடு பிறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி, எதுவானாலும் அவருடைய ரேடியோ செட்தான். பனைமரத்தில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டி ரிக்கார்டைச் சுழல விட்டாரென்றால் மூன்று ஊருக்குத் தூக்கம் போகும். அதற்குக் கூலியும் கொடுத்தார்கள்.

ஆனால் பாட்டுப் போடுவதை அவர் பெரிய வேலையாக மதித்ததில்லை. மதித்தது ரிக்கார்டு வைத்தியத்தை. வெயில் பட்டு அப்பளமாய் வளைந்ததை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, அதே வெயிலில் காட்டி நிமிர்த்துவார். விரிசல் விட்டதற்கு அரக்கு ஒட்டு. கீறல் விழுந்ததற்குத் தேங்காயெண்ணெய். எண்ணெய் பட்டுக் கீறல் ஆறியதோ இல்லையோ, ரிக்கார்டு பளபளவென்று ஆகிவிடும். நோயாளி பளபளப்பாக இருந்தால் வைத்தியருக்கு வேறென்ன வேண்டும்? எதற்கும் மசியாத ரிக்கார்டுக்குக் கடைசி மருந்து, ஊசி பிடித்த தலையின் மேல் ஒரு நாலணாக் காசு. பாரம் ஏறினால் ஊசி துள்ளாது. பாரம் ஏறினால் ரிக்கார்டும் தேயுமே என்று கேட்க வந்தவர்களை அவர் பேச விட்டதில்லை.

பக்கத்திலேயே, சித்தூரில், மிக்கேல்ராஜ் என்று இன்னொரு செட்டுக்காரர் இருந்தார். அவர் கோயமுத்தூர் போனால் எந்த ரிக்கார்டையும் இரண்டாக வாங்கிக்கொண்டு வருவார். ஒன்று ஓடும், மற்றது உறையைவிட்டு வெளியே வராது. "வைத்தியந் தெரியாதவன் ரெண்டு வாங்கறான்" என்பார் ஈஸ்வரமூர்த்தி. சொல்லிவிட்டு, தான் சிரித்தது போதாதென்று எதிரில் இருப்பவரும் சிரிக்கும்வரை காத்திருப்பார்.

எழுபத்துநாலில் அவருடைய ஒரே மகள் சின்னத்தாயிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை பொள்ளாச்சிப் பக்கம். நல்ல இடம், ஆனால் ரோஷக்கார இடம். தும்மினால்கூட யாரைப் பார்த்துத் தும்மினாய் என்று கேட்கிற சனம். மாப்பிள்ளையின் தாய்மாமன் காளியண்ணன் அதில் மூத்தவர், ரோஷத்திலும்தான்.

விசேஷம் எதுவும் போற்றிப் பாட்டில்தான் தொடங்க வேண்டும். அந்த ரிக்கார்டோ இவர் வைத்தியத்திலேயே பாதி உயிரை விட்டிருந்தது. மனைவி நாச்சம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, மிக்கேல்ராஜ் கிட்ட அந்தப் போத்திப் பாட்டு இன்னொண்ணு இருக்குதாமா. ஒரு நாளைக்கு வாங்கி வெச்சுக்கலாமுங்களே?"

"என்ற பொண்ணு கண்ணாலத்துக்கு அவன்ற ரிக்கார்டா? நீ என்ன, எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொரு புருசனப் புடிச்சு வெச்சிருக்கறயா?"

அவள் பூசணிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலையில், மகளைத் தாரை வார்க்கிறவர் இருக்க வேண்டிய விரதத்தோடேயே, ஈஸ்வரமூர்த்தி ரிக்கார்டுக்கு எண்ணெய்க் குளியல் நடத்தினார். ஒன்றுக்கு இரண்டாகக் காசு ஏறியது. தம்பி சின்னய்யன் உட்பட யாரும் செட்டைத் தொட்டுவிடக் கூடாது என்று அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பாட்டு உள்ளே தானாக ஓட, பந்தல் வாசலில் பன்னீர்ச் செம்போடு சம்பந்தியை வரவேற்க நின்றார்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. காளியண்ணன் முதலில் இறங்கினார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் வலது காலை வைத்தார். சரியாக அந்த நேரத்தில் ஊசி கீறலில் விழுந்தது. "போற்றி"யில் "ற்றி" காணாமல் போயிற்று.

"போ... போ... போ... போ..."

பனைமரத்துக் குழாய் மூன்று ஊருக்கும் கேட்கச் சொன்னது. காசு ஏறிய ஊசி துள்ளித் தாண்டவும் இல்லை. வைத்தியம் அவ்வளவு பலம்! ஈஸ்வரமூர்த்தி இடுப்பைத் தடவிக்கொண்டு ஓடி, பூட்டோடு போராடி, ஊசியைத் தூக்கியபோது காளியண்ணன் வந்த வழியே தெருவில் பாதி தூரம் போயிருந்தார்.

"வாங்கன்னு சொல்ல வாயில்லாட்டியும் பரவால்ல. நாயத் தொரத்தறாப்பல தொரத்தறானுங்க!"

தாய்மாமன் முன்னால் நிற்காமல் அந்த வகையறாவில் தாலி ஏறாது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சின்னத்தாயி உள்ளே மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். பாட்டுப் போட்டே மகள் கல்யாணத்தைக் கெடுத்த தகப்பன் என்று பேர் வாங்கப் போகிறோமே என்று நினைத்தபோது ஈஸ்வரமூர்த்திக்குக் கண்ணில் நீர் முட்டியது. கிடைத்த சைக்கிளில் ஏறி மிதித்தார்.

கோவிந்தாபுரம் டீக்கடையில் காளியண்ணன் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரமூர்த்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அது போன்னு இல்லீங்க மாமா. போத்தி! சாமி பாட்டுங்க!"

"போத்தின்னா போத்தின்னு முழுசாப் பாடோணும்."

வேறு வழியில்லாமல், பன்னீர் நனைத்த சட்டையோடு, ஈஸ்வரமூர்த்தி பாடினார். முதலடியிலிருந்து கடைசிவரை, ஒரு "ற்றி" விடாமல். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். மூன்றாவது அடியில் காளியண்ணனுக்கு மீசை துடித்தது. கடைசி அடியில் அவர் சிரித்தேவிட்டார்.

"உங்க ரிக்கார்டுக்கு நீங்களே தேவலையுங்க" என்று எழுந்து வந்து சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

செய்து முடித்த வைத்தியங்களிலேயே இதுதான் பெரிது என்று ஈஸ்வரமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. வழியெல்லாம் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு மூச்சிரைக்க மிதித்தார். பந்தலுக்கு வந்தால் முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முகூர்த்தம் தாண்டீரும்னாங்க" என்றாள் நாச்சம்மாள், காளியண்ணனுக்குத் தண்ணீர் நீட்டியபடி. "மாப்பிள்ளைக்கு மாமன் எடத்துல உங்க தம்பி நின்னுட்டாருங்க."

காளியண்ணனின் சிரிப்பு நின்றது. ஈஸ்வரமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. அவருக்கு வேறொன்று உறைத்துவிட்டது. மாமன் இடத்தில் ஒருவர் நின்றாரென்றால், தகப்பன் இடத்தில்?

மணமக்கள் வந்து காலில் விழுந்தார்கள். மகளைத் தூக்கி நிறுத்தியபோது அவர் குரல் உடைந்திருந்தது.

"ஏஞ் சாமி, ஆருடா உன்னையத் தார வாத்துக் குடுத்தா?"

"சின்னய்யன் சித்தப்பாதானுங்கப்பா."

"நான் வாரதுக்குள்ளயா? ஒருத்தருங்கூடவா அப்பனைக் காணமேன்னு கேக்கலை?"

"நாங் கேட்டனுங்கப்பா" என்றாள் சின்னத்தாயி, அவர் முகத்தைப் பார்க்காமல். "எதுக்கும் இருக்கட்டும்னு அம்மா நேத்தே சித்தப்பாவையும் வெரதம் இருக்கச் சொல்லியிருந்தாங்களாமா."